காலித் ஓட்டவில்லை

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு. திருமுருகன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, படகு இன்ஜினுக்கான பெட்ரோல் கேனைத் தன் அம்மா மங்கையிடம் கேட்டான்.

“தொடக் கூடாதுன்னு நைனா சொல்லிகீதுல்ல?” என்றாள் மங்கை. “காத்து ஒரு மாதிரி கீது. இன்னிக்கி யாராவது கடலுக்குப் போய்கீறாங்களா பாரு.”

“ரெண்டாவது கல்லு வரைக்கும்தாம்மா. காலித் வந்துகீறான். போட்டுல ஏறினதே இல்லியாம். ஒரே ரவுண்டு. நைனா எழுந்துக்கறதுக்குள்ள வந்துருவோம்.”

கடல் அரிக்காமல் இருக்கத் திருவொற்றியூர்க் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளமாகப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அதைத்தான் குப்பத்தில் கல்லு என்பார்கள். முதல் கல்லின் மறைவில் திருவின் அப்பா டில்லிபாபுவின் ஃபைபர் படகு நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. டில்லிபாபு காசிமேட்டு விசைப்படகில் நாலு நாள் தங்கி மீன்பிடித்துவிட்டு விடியற்காலையில்தான் வந்திருந்தான். உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மங்கை கேனை எடுத்துக் கொடுத்தாள்.

மகன் கேட்டால் அவளால் மறுக்க முடியாது. அது அன்றைக்கு வந்த பழக்கமில்லை. திரு ஆறாவது படிக்கும்போது, ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் எண்ணூர் முகத்துவாரத்தில் சுற்றிவிட்டு வந்தான். டில்லிபாபு கையில் கிடைத்த துடுப்பால் அடித்தான். பையனின் இடது கை முறிந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் மங்கை புருஷனோடு பேசவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்குச் சொன்னாள்: “இனிமே இவன் மேல கை வெச்சா, இவன இட்டுகினு நான் போயிகினே இருப்பேன்.” அதற்கப்புறம் டில்லிபாபு மகனை அடிக்கவில்லை. அடிப்பதை மட்டுமல்ல, அவனை ஒரு வார்த்தை கேட்பதையும் விட்டுவிட்டான். அந்தக் கையோடு சேர்த்துத் தன் தகப்பன் உரிமையையும் உடைத்துவிட்டதாக அவனுக்கு ஓர் எண்ணம்.

கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில், மகனுக்காகப் பதில் சொல்லும் வேலை மங்கைக்கு வந்தது. எட்டாவதில் அவன் ஒரு வாத்தியாரின் பைக் சீட்டை பிளேடால் கிழித்தபோது, “எம் புள்ள அன்னிக்கி ஜுரத்துல படுத்துகினு இருந்தான் சார்” என்று தலைமையாசிரியர் முன்னால் அழுதாள். போன வருஷம் பஸ் கூரைமேல் ஏறி ஆட்டம் போட்ட ஆறு பையன்களைப் போலீஸ் பிடித்தது. ஐந்து பேரை ஒரு வாரம் எக்ஸ்பிரஸ் ரோடு சிக்னலில் நிற்க வைத்துப் போக்குவரத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். திருவை மட்டும் மங்கை, ‘அவன் டியூஷனுக்குப் போய்கினு இருந்தான்’ என்று சாதித்து அழைத்துக்கொண்டு வந்து, மணலி புதுநகரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் பத்து நாள் விட்டுவைத்தாள். அவன் அங்கே டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு இதெல்லாம் தப்பாகத் தோன்றியதில்லை. காசிமேட்டில் ஏலம் எடுத்து, தெருத் தெருவாக மீன் விற்று வளர்த்த ஒரே பிள்ளை. அவன்மேல் இனி யாருடைய கையும் படக்கூடாது, அவ்வளவுதான்.

காலித் வாசலில் வந்து நின்றான். திருவின் வகுப்பில் படிக்கிறவன். தண்டையார்பேட்டையில் வீடு. ஒல்லியான உடம்பு. அவன் அப்பா மஜீது பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

“நல்லாகீறீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டு, பேண்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு திருவின் பின்னால் போனான்.

அரை மணி நேரம் கழித்துக் கரையில் கூச்சல் கேட்டது. மங்கை ஓடினாள். இரண்டாவது கல்லின் முனையில் படகு கவிழ்ந்து, அதன் அடிப்பக்கம் வெள்ளையாக அலையில் மோதிக்கொண்டிருந்தது. திரு நீந்தி வந்துகொண்டிருந்தான். அவன் தலை மட்டும் தெரிந்தது. மற்றவனைக் காணவில்லை.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த டில்லிபாபு அப்படியே கடலுக்குள் இறங்கினான். அவனோடு இன்னும் நாலு பேர். காலித்தைப் பாறை இடுக்கிலிருந்து எடுத்து, டில்லிபாபுதான் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மணலில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். பின்மண்டையில் அடி. தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மங்கை அப்போது அந்தக் கூட்டத்தில் இல்லை. நாற்பதடி தள்ளி, வலைக் குவியலுக்குப் பக்கத்தில் மகனை உட்காரவைத்து முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் பற்கள் கிடுகிடுத்தன.

“நாந்தாம்மா,” என்றான். “நாந்தான் இன்ஜின் ஹேண்டில புடிச்சிகினு இருந்தேன். நாந்தான் ஃபுல்லா முறுக்கி—”

மங்கை அவன் வாயைப் பொத்தினாள்.

“நீ இல்ல,” என்றாள். “கேளு. அந்தப் பையன்தான் ஹேண்டில குடு குடுன்னு கேட்டான். நீ எவ்ளோ சொல்லியும் கேக்கல. புடுங்கிகினான். புரியுதா? நீ எவ்ளோ சொல்லியும் கேக்கல.”

திரு அவளைப் பார்த்தான். அவள் உள்ளங்கைக்குள் அவன் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அசையவில்லை.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது முதலில் சொன்னது மங்கைதான். திரு தலையை ஆட்டினான். அவர் எழுதிக்கொண்டார். கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் படகு தெரிந்ததே தவிர, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியாது.

காலித் ஓட்டினான் என்ற பேச்சு டில்லிபாபுவின் காதில் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் விழுந்தது. அவன் அங்கிருந்து வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் மங்கையை அடுப்பங்கரையில் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

“மொத மொதலா போட்டுல ஏறுன பையன். கயிறு இழுத்து இன்ஜின் ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. அவனா கல்லு முனைல வளைச்சான்?”

மங்கை அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

“ஏய், கேக்கறேன்ல.”

“ஆமாயா. நாந்தான் அப்டி சொல்லச் சொன்னேன்.” அவள் திரும்பினாள். “செத்துப் போன புள்ளய யாரு இன்னா பண்ண முடியும்? புடிச்சி ஜெயில்ல போடுவாங்களா? நம்ம புள்ள உயிரோட கீறான். அவன் வாழணும்ல? நீ போய் சொல்லேன், போ. அன்னிக்கி கைய ஒடச்ச. இன்னிக்கி மொத்தமா ஒடச்சிடு.”

டில்லிபாபு அதற்குமேல் நிற்கவில்லை. கரைக்குப் போய், உடைந்த படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறந்தான்.

முதல் பத்து நாள் திரு பாயை விட்டு எழவில்லை. சோறு இறங்கவில்லை. மங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாள். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. அங்கே எல்லாரும் அவனைக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவன் சொல்லிப் பழகினான்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், ஏலம் முடிந்து மீன் அன்னக்கூடையோடு கரை வழியாக வந்த மங்கை, படகுகளுக்குப் பின்னாலிருந்து மகனின் குரலைக் கேட்டு நின்றாள். நாலைந்து பையன்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் எவ்ளோ சொன்னேன் மச்சி. ‘டேய், உனுக்கு இதெல்லாம் வராது, வுடுடா’ன்னேன். கேட்டாத்தானே? சீன் போடணும் அவனுக்கு. அப்டியே புடுங்கி ஒரு முறுக்கு முறுக்கினான் பாரு.”

“நீ எப்டி தப்பிச்ச?”

“நான்லாம் யாரு?” என்றான் திரு. சிரித்தான்.

சின்னச் சிரிப்புதான். ஆனால் மங்கைக்குக் கூடை கனத்தது. பையன் ஆறுதலுக்காக ஏதோ பேசுகிறான், நாளாக நாளாக மறந்துவிடுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. அவள் சொன்னதில் இல்லாத வார்த்தைகளையும் அவன் சேர்த்திருந்தான். சீன் போடணும் அவனுக்கு என்று அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

காலித்தின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள், பகல் பதினொரு மணிக்கு மஜீதும் அவர் மனைவி அஜீசாவும் குப்பத்துக்கு வந்தார்கள். யாரையோ வழி கேட்டு வந்து வாசலில் நின்றார்கள். மஜீது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டில்லிபாபு எழுந்து நின்றான்.

“வாங்க பாய். உள்ள வாங்க.”

மங்கை நாற்காலி எடுத்துப் போட்டாள். அஜீசா நாற்காலியில் உட்காராமல் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் மங்கை நினைத்தாள். சண்டை போட்டால் பதிலுக்குக் கத்துவதற்கு மனதுக்குள் வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மஜீது டில்லிபாபுவின் கையைப் பிடித்தார்.

“அண்ணே, முன்னாடியே வந்திருக்கணும். நாப்பது ஆவட்டும்னு இருந்தேன். எம் புள்ளயத் தோள்ல தூக்கினு வந்தது நீங்கதானாமே. அதுக்கு நான் இன்னா செய்வேன்?” அவர் பிடித்த கையை விடவில்லை. “அப்பால, அவன் பண்ண தப்புக்கு மன்னிப்புக் கேக்கணும். உங்க போட்ட ஒடச்சிட்டான். உங்க புள்ளயையும் சாவடிக்க இருந்தான். எங்க மேல கோவம் வெச்சிக்காதீங்க. போட்ட சரி பண்ண என்னால ஆனத நான் செய்றேன்.”

டில்லிபாபுவின் கை அவர் கைக்குள் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் வேணாம் பாய்,” என்றான். அவனுக்கே கேட்காத குரல்.

“எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாங்க,” என்றார் மஜீது. “எப்டி பாய் வளத்தீங்க, அடுத்தவன் போட்டப் புடுங்கி ஓட்டுவானான்னு. எனுக்கு பதிலு தெரியல அண்ணே. ரோட்டத் தாண்டணும்னா எம் புள்ள சைக்கிள்லேர்ந்து எறங்கித் தள்ளிகினு போவான். கடையில மிஷினு ஓடிகினு இருந்தா, ஊசிகிட்ட கையக் கொண்டு போவ மாட்டான். அப்டிப்பட்டவன் இந்த மாதிரி பண்ணிகீறான்னா, பதினேழு வருசமா வூட்டுல நாங்க பாத்த புள்ள யாரு? அதான் எனுக்குப் புரியல.”

உள் அறையிலிருந்து திரு வெளியே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அஜீசா அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“தம்பி, நீதானேப்பா கடைசியா அவங்கூட இருந்த. அவன் எதுனா சொன்னானா? என்னைப் பத்தி, அவங்க அத்தாவப் பத்தி... எதுனா?”

மங்கை மகனின் முகத்தைப் பார்த்தாள். இப்போது உடைந்துவிடுவான் என்று நினைத்தாள். பயமாக இருந்தது. அதோடு, உடைந்துவிட்டால் நல்லது என்று ஒரு மூலையில் தோன்றவும் செய்தது.

“ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி,” என்றான் திரு. குரல் தெளிவாக இருந்தது. “நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. குடு குடுன்னு புடுங்கிகினான்.”

கரையில் அவள் அவன் வாயில் போட்டுக் கொடுத்த அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. கண்ணை அசைக்காமல், பெற்றவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அஜீசா தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சிடுப்பா,” என்றார் அவனிடம்.

டில்லிபாபு கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டான். மஜீது அது துக்கம் என்று நினைத்துக்கொண்டார். மங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்வரை அஜீசா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததை மங்கை பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே வந்தபோது திரு செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மங்கை அதைப் பிடுங்கிப் பாயில் எறிந்தாள்.

“எப்டிடா சொன்ன? அந்தம்மா மூஞ்சியப் பாத்து உன்னால எப்டிடா சொல்ல முடிஞ்சிது?”

“இன்னாம்மா? நீ சொன்னதத்தானே சொன்னேன்.”

“நான் போலீசுக்கு சொல்லச் சொன்னேன்டா.”

“போலீசுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு சொல்ல முடியுமா? லூசு மாதிரி பேசாத.” அவன் எழுந்தான். சட்டென்று முகம் சிவந்தது. “நான் அன்னிக்கே சொல்ல வந்தேன். உங்கிட்ட சொல்லிகினே இருந்தேன். நீதான் வாயப் பொத்தின. நீ மட்டும் பொத்தாம இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். இப்ப வந்து கேக்குற?”

மங்கை தன் வலது கையைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பார்வை தானாகப் போனது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். “அந்தப் புள்ள கடைசியா எதுனா சொன்னானா?” என்று கேட்டாள்.

திரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

“‘திரு, மெதுவா போடா, எனுக்கு பயமா கீது’ன்னான். ரெண்டு தாட்டி சொன்னான். பலகையக் கெட்டியாப் புடிச்சிகினு இருந்தான். எனுக்கு சிரிப்பா வந்திச்சி. பயமுறுத்தலாம்னு இன்னும் முறுக்கினேன்.” அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. “அலை சைடுல வந்ததப் பாக்கலம்மா. நெஜமா பாக்கல.”

நாற்பது நாளில் அவன் அழுவது அதுதான் முதல் தடவை. மங்கையின் கை அவனை அணைக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த அழுகையைத் துடைத்துவிட்டால் நாளைக்கு மறுபடி சிரிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தொடாமல்.

மறுநாள் அவள் காசிமேட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே குளித்துவிட்டு டில்லிபாபு எதிரில் வந்து நின்றாள்.

“நான் தண்டையார்பேட்டைக்குப் போறேன். அந்தம்மாகிட்ட சொல்லப் போறேன்.”

டில்லிபாபு அவளை உற்றுப் பார்த்தான். “ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும்,” என்றான். “எனுக்கும் தெரிஞ்சிது. தெரிஞ்சிகினே நின்னேன்.” எழுந்து சட்டையைப் போட்டான். “நானும் வரேன்.”

திரு அறைக் கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். “என்னப் புடிச்சிகினு போயிடுவாங்க,” என்றான். “நான் வர்ல. நான் மணலிக்கு மாமா வூட்டுக்குப் போறேன்.”

“போ,” என்றாள் மங்கை. “உன்ன கயித்துல கட்டியா இழுத்துகினு போவ முடியும்? நீ எங்க போனாலும் நான் சொல்லத்தான் போறேன். நான் சொன்ன பொய்ய நாந்தான் போய் எடுக்கணும். உன்னுத நீ எடு, எடுக்காமப் போ.”

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் நுழைந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. டில்லிபாபுவும் மங்கையும் ஏறி உட்கார்ந்தார்கள். ஆட்டோ கிளம்பும்போது திரு ஓடிவந்து டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். தலை சீவியிருக்கவில்லை, காலில் செருப்பில்லை.

காலித்தின் தங்கை தஹ்சீன் கதவைத் திறந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். மஜீது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டில் ஊதுபத்தி வாசனை. பீரோமேல் காலித்தின் பள்ளிக்கூடப் பை அப்படியே இருந்தது.

உட்காரச் சொன்னார்கள். மங்கை உட்காரவில்லை.

“யக்கா, உங்க புள்ள போட்ட ஓட்டல,” என்றாள். “எம் புள்ளதான் ஓட்டினான். கல்லு முனைல அவன்தான் வளைச்சான். உங்க புள்ள மேல நாந்தான் பழியப் போட்டேன். கரையிலயே நெனச்சி, நானே சொல்லிக் குடுத்தேன். பெட்ரோலு கேனை எடுத்துக் குடுத்ததும் நாந்தான்.”

மஜீது கையிலிருந்த டிபன் பாக்ஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அவன் சொல்லட்டும்,” என்றார் அஜீசா. மங்கையைப் பார்க்கவில்லை. திருவைப் பார்த்தார். “நேத்து சொன்னல்ல. இன்னிக்கியும் நீயே சொல்லு.”

திரு சொன்னான். திக்கித் திக்கி, நடுவில் நிறுத்தி நிறுத்தி, எதையும் விடாமல் சொன்னான். காலித் சொன்ன கடைசி வார்த்தைகளையும் சொன்னான்.

“பயமா கீதுன்னானா?” என்று கேட்டார் அஜீசா.

“ஆமா.”

“ரெண்டு தாட்டி?”

“ஆமா ஆன்ட்டி.”

அஜீசா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, முன்னும் பின்னுமாக ஆடினார். நாற்பது நாளாகப் பிள்ளை எப்படி இப்படிச் செய்தான் என்று உறங்காமல் கிடந்தவருக்கு இப்போது அவன் பயந்துகொண்டே போனான் என்பது கிடைத்திருக்கிறது. மங்கை அவர் பக்கத்தில் போக ஓர் அடி வைத்தாள். தஹ்சீன் குறுக்கே வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எம் புள்ள ஓட்டல,” என்றார் மஜீது. தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். “எம் புள்ள ஓட்டல.”

தஹ்சீன்தான் திருவைப் பார்த்துக் கேட்டாள். “எங்க அண்ணன் சீன் போட்டான்னு ஸ்கூல் ஃபுல்லா சொன்னீங்களே. அவங்க எல்லார்கிட்டயும் போய் சொல்லுவீங்களா? இங்க வூட்டுக்குள்ள வந்து சொன்னா முடிஞ்சிதா?”

திரு தலையை ஆட்டினான்.

“மன்னிச்சிடுங்க பாய்,” என்று டில்லிபாபு மஜீதின் காலைத் தொடக் குனிந்தான். மஜீது விலகிக்கொண்டார்.

“அத இப்ப கேக்காதீங்க. எங்கிட்ட இப்ப அது இல்ல.” அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “எழுதிக் குடுத்த எடத்துல போய் மாத்தி எழுதிக் குடுங்க. வாங்க. நானும் கூட வரேன்.”

நான்கு பேரும் நடந்தே போனார்கள். முன்னால் மஜீது. பத்தடி பின்னால் இவர்கள் மூன்று பேர். ஸ்டேஷனில் மங்கை முதலில் பேசினாள். தான் சொன்னது பொய் என்றும், அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கலாம் என்றும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யோசிச்சித்தான் பேசறீங்களா?” என்று கேட்டார். “யோசிக்கறதுக்குத்தான் சார் இத்தினி நாளு ஆச்சி,” என்றான் டில்லிபாபு.

அதற்கப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. திருவுக்குப் பதினெட்டு ஆகாததால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். பொதுத்தேர்வு போயிற்று. மங்கைமேலும் டில்லிபாபுமேலும் உண்மையை மறைத்ததாகத் தனி வழக்கு. குப்பத்தில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். “முடிஞ்சி போன விசயத்த எதுக்கு நோண்டின? புள்ளய நீயே போய்க் குடுத்துட்டு வந்துகீற,” என்று ஏலம் விடும் இடத்தில் ஒருத்தி முகத்துக்கு நேராகக் கேட்டாள். மங்கை கூடையைத் தூக்கினாள். இருபத்திரண்டு நாளும் அவள் பிள்ளையின் பாயில்தான் படுத்தாள். செய்தது சரி என்று ஒரு நாளும் நிம்மதியாகத் தோன்றவில்லை. வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

ஜாமீனில் வந்ததும் திரு பள்ளிக்கூடத்துக்குப் போனான். தலைமையாசிரியரிடம் அவனே கேட்டு, காலைக் கூட்டத்தில் மைக்குக்கு முன்னால் நின்று சொன்னான். நாலே வரி. ‘காலித் ஓட்டவில்லை’ என்பதில் ஆரம்பித்தான். இறங்கி வந்தபோது அவனோடு படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை கேட்ட பையன்கள் யாரும் அவன் பக்கம் வரவில்லை. கடைசி வரிசையில் மஜீது நின்றிருந்தார். கேட்டுவிட்டு வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். திருவைப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் குழுமம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருஷம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு. அதில் முதல் வருஷம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரசு ஆஸ்பத்திரியில், விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை.

முதல் ஐந்து வாரம் போனான். ஆறாவது சனிக்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. மங்கை ஏலத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“மணி ஏழாச்சி,” என்றாள்.

“போன வாரம் ஒரு பையன் வந்தான்மா. பைக்குல வுழுந்து. எங்க வயசுதான். லிஃப்டுக்குப் போறதுக்குள்ள...” அவன் முடிக்கவில்லை. “இன்னிக்கி ஒரு நாள் என்னால ஆவாது. நீ வந்து அந்த ஆபீசர் சாரிட்ட சொல்லும்மா. ஜுரம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு.”

மங்கை அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை. ஆனால் அவன் பொய்யாகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. உடம்பு முழுக்க நடுக்கம் இருந்தது. பழைய மங்கையாக இருந்தால் அந்த நிமிஷமே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பாள். இப்போதும் கால்கள் கிளம்பத்தான் பார்த்தன.

“ஜுரம்னு சொல்லாத,” என்றாள். “எங்கிட்ட சொன்னல்ல, அதையே அவருகிட்ட சொல்லு. நீயே போய் சொல்லு. வுட்டா வா. வுடலன்னா வேலயப் பாரு.”

“நீயும் வாயேன்.”

“நான் வர மாட்டேன் கண்ணு.”

அவன் போர்வையை விலக்கினான். எழுந்து முகம் கழுவினான். சட்டை போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் வெளியே போனான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது. ஒரு தடவை நின்றான். திரும்பிப் பார்ப்பான் என்று மங்கை நினைத்தாள். பார்க்கவில்லை. பஸ் வந்ததும் முன்வாசல் படியில் ஏறி உள்ளே போய்விட்டான்.

மங்கை மீன் கூடையை இறக்கி, தண்ணீர் தெளித்து, வெட்ட உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் அவன் வரவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, இல்லை, கேட்காமலே வேலைக்குப் போய்விட்டானோ என்னவோ. இரண்டு மணிக்கு டில்லிபாபு வந்து, “எங்க அவன்?” என்று கேட்டான். பல வருஷத்துக்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“வேலைக்குப் போய்கீறான்,” என்றாள் மங்கை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, மகனுக்கானதைத் தட்டு போட்டு மூடிவைத்தாள்.